ஊளையிட்ட காரோடு 11 வாரம்

2024 மே மாதம், கத்திரி வெயில் நேரம். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் விரைவுச்சாலை வழியாக அம்மாவை ராயபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, வாரத்தில் 2 நாள் பிசியோதெரபி. எப்போதும் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துபோகிற சாலை அன்று என்னவோ காலியாகக் கிடந்தது. ஆசையாக 50-ஐத் தாண்டினேன். அடியிலிருந்து ஊம்ம்ம் என்று ஒரு சத்தம் கிளம்பியது. வேகத்தைக் குறைத்தால் அடங்கியது, கூட்டினால் மறுபடி வந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "டேய், அரிசி போடாம கிரைண்டர் ஓடுற மாதிரி இருக்குடா" என்றார். நான் சிரித்துவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

அந்த நாளிலிருந்து சத்தம் நிற்க 11 வாரம் ஆனது. 4 நாள் லீவு போனது. 4 பேரிடம் வண்டியைக் காட்டினேன், அதில் 3 பேருக்குக் கொடுத்தது கிட்டத்தட்ட 20,000 ரூபாய். கடைசியில் கெட்டுப்போயிருந்த பொருளின் விலை 1,900 ரூபாய். எனக்கு ஓட்டத் தெரியும், ஆனால் வண்டியின் உள்விவகாரம் தெரியாது. கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீசில் பேப்பர் வேலை பார்ப்பவன், பில் ஆஃப் என்ட்ரி என்கிற சுங்கப் படிவத்தில் தப்பு இருந்தால் கண்டுபிடிப்பேன், சக்கரத்தில் இருந்தால் முடியாது. அதனால்தான் என்னைப் போன்றவர்களுக்காக இதை விலாவாரியாக எழுதுகிறேன்.

முதல் வாரம் நானே டிடெக்டிவ் வேலை பார்த்தேன். டிக்கியைக் காலி செய்தேன். ஜாக்கி, ஸ்பேனர், பாதி தண்ணீரோடு 3 பாட்டில், யாரோ மொட்டை போட்டபோது கோயிலுக்கு எடுத்துப்போன ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர், எல்லாம் வெளியே வந்தன. கடகடவென்று ஒரு சத்தம் போனது. அது போன பிறகுதான் அப்படி ஒரு சத்தம் இருந்ததே தெரிந்தது! ஊம்ம்ம் மட்டும் போகவில்லை. ஆனாலும் இதைச் செய்யாமல் யாரிடமும் வண்டியைக் காட்டாதீர்கள். டிக்கியைக் காலி செய்து, ரேடியோவையும் ஏசியையும் அணைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு தடவை, இறக்கிவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஏசி ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தால் பாதி சத்தம் காதுக்கே வராது. செல்போனில் பதிவு செய்து மெக்கானிக்குக்குப் போட்டுக் காட்டலாம் என்று நானும் முயன்றேன். காற்றும் லாரி ஹாரனும்தான் பதிவாகியிருந்தன.

அப்புறம் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து வீடியோ வீடியோவாகப் பார்த்து, இது டயர் சத்தம் என்று நானே முடிவு கட்டினேன். டயர் கடைக்குப் போய் இறங்கியதும் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை, "அண்ணே, டயர் சத்தம் வருது." அவர் குனிந்து பார்த்தார், முன்டயர் ஓரத்தில் கையைத் தேய்த்தார், "ஆமாண்ணா, தேஞ்சிருக்குது" என்றார். தேய்ந்திருந்தது உண்மைதான், 38,000 கிலோமீட்டர் ஓடிய டயர் தேயாமல் இருக்குமா? முன்பக்கம் 2 டயர் 9,400, அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் 700, ஆக 10,100. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். நான் டயர் என்றேன், அவர் டயர் கொடுத்தார். ஓட்டல்காரரிடம் போய் தோசை என்று சொல்லிவிட்டு, எனக்குப் பசிக்குக் காரணம் என்ன என்று அவர் ஏன் கேட்கவில்லை என்று கோபித்துக்கொள்ள முடியாது.

முதல் நாள் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. பணம் கொடுத்தவனின் காது அப்படித்தான் கேட்கும். மூன்றாம் நாள் கிரைண்டர் மறுபடி ஓடியது. பிறகுதான் தெரிந்துகொண்டேன், டயரா இல்லையா என்று பார்க்கப் புதுசு வாங்கவே வேண்டாம். முன்டயரைப் பின்னாலும் பின்டயரை முன்னாலும் மாற்றிப் போட்டால் போதும், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். டயர்தான் காரணம் என்றால் சத்தம் இடம் மாறும், அல்லது அதன் குரல் மாறும். எதுவும் மாறாவிட்டால் டயரை விட்டுவிட்டு வேறு இடத்தைத் தேடலாம். இன்னொன்று, டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு வேறு மாதிரி கேட்கும். புதுத் தார் போட்ட இடத்தில் மெத்தென்று ஆகும், சிமெண்ட் ரோட்டில் இரைச்சல் ஏறும். என் சத்தம் எந்த ரோட்டிலும் ஒரே சுருதியில் இருந்தது. அதைக் கவனிக்காமல் 10,100 ரூபாய் கொடுத்தேன்.

இரண்டாவது மெக்கானிக் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். வண்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்குள்ளேயே ஒரு சுற்று, 20 கிலோமீட்டர் வேகத்தில் போய் வந்தார். ஸ்பீடு பிரேக்கரில் டொக் என்று ஒரு சத்தம் வந்தது. "இதாண்ணா உன் சத்தம்" என்றார். எனக்கு உறுத்தியது, நான் சொன்ன சத்தம் இதுவல்ல. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். தொழில் தெரிந்தவர் அவர்தானே என்ற கூச்சம். முன்பக்க லிங்க் ராடு இரண்டும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் மாற்றி 6,850 வாங்கினார். டொக் போய்விட்டது. ஊம்ம்ம் அப்படியே இருந்தது. 50-க்கு மேல் வருகிற சத்தத்தை 20-ல் ஓட்டிக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் வருகிற ரோட்டுக்குக் கூட்டிப்போய், "இதோ, இதுதான்" என்று காட்டி, அவர் "ஆமா, கேக்குது" என்று சொன்ன பிறகே சாவியைக் கொடுங்கள். வரமாட்டேன் என்றால் நகர்ந்துவிடுங்கள். அரைமணி நேரத்துக்குக் காசு கேட்டால் கொடுத்துவிடலாம், அதைவிட மலிவான செலவு இதில் இல்லை.

மூன்றாவது, கொஞ்சம் பெரிய ஒர்க்ஷாப். ஏசி போட்ட அறை, கம்ப்யூட்டர், டீ எல்லாம் உண்டு. பேர் வேண்டாம். வண்டியைத் தூக்கிப் பார்ப்பதற்கு 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்க வைத்திருந்தார்கள். சாயங்காலம் போன் வந்தது. "சார், கியர்பாக்ஸ் உள்ள பேரிங் போயிருக்கு. இறக்கிப் பார்க்கணும். சுமாரா 32,000 ஆகும்." பேரிங் என்றால் சுற்றுகிற பாகத்தைத் தாங்குகிற குண்டு வளையம். ஜூன் மாதம், பையனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிய கையோடு இருந்தேன். அன்று ராத்திரி வீட்டில் சண்டை. காரை வித்துத் தொலைங்க என்று மனைவி சொன்னார், ஊளையிடுகிற காரை எவன் வாங்குவான் என்று நான் கத்தினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துவந்து தெருவில் போட்டுவிட்டேன். அடுத்த 3 வாரம் அதைத் தொடவில்லை. நான் தேரடியில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கினேன், அம்மா ஆட்டோவில் போனார். காலையில் வாசலில் அந்த வண்டியைக் கடந்து போகும்போது, கடன் கொடுத்தவனைக் கடந்து போகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாதான் ஆரம்பித்தார். "ஏண்டா, என் பக்கத்துல இருந்துதான் சத்தம் வருது, லாரி பக்கமா போறப்ப நல்லா கேக்குதுன்னு அப்பவே சொன்னேனே, எவன்கிட்டயாவது சொன்னியா?" சொல்லவில்லை. இரண்டாவது வாரமே அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. முழங்கால் வலிக்காரிக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்ற திமிர்தான், வேறு என்ன? ஓட்டுகிறவனின் காது வலது மூலையில், கண்ணாடி ஓரமாக, பாதி கவனத்தோடு இருக்கிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குச் சத்தத்தைக் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

அன்றைக்கே, காலை 6 மணிக்கு, சாலை காலியாக இருக்கும்போது கிளம்பினோம். அம்மா கையில் பையனின் பழைய நோட்டு. முதலில் கத்திவாக்கம் வரைக்கும் போய்த் திரும்பினோம். சத்தம் 45-ல் தொடங்கியது, 60-ல் உச்சம். நாலாவது கியரில் இருந்தாலும் மூன்றாவதில் இருந்தாலும் அதே 45. அதாவது இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, சக்கரம் சுற்றுவதோடுதான் சம்பந்தம். பின்னால் வண்டி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு 60-ல் நியூட்ரலுக்குத் தள்ளினேன். இன்ஜின் அடங்கியது, ஊம்ம்ம் அடங்கவில்லை. இந்தச் சோதனையில் இன்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக் பெடலும் இரண்டொரு மிதிக்குப் பிறகு இறுகிவிடும்.

நியூட்ரல் சோதனை மட்டுமே போதாது. கியர்பாக்ஸுக்குள்ளும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற பாகங்கள் உண்டு, நியூட்ரலில் போட்டாலும் அவை சுற்றும். அதனால் அடுத்து, அதே 60-ல் ஆக்சிலேட்டரை அழுத்திப் பார்த்தேன், விட்டுப் பார்த்தேன். கியர்பாக்ஸ் உள்ளே கோளாறு என்றால் பெரும்பாலும் இழுக்கும்போது ஒரு குரலும், காலை எடுத்ததும் வேறு குரலும் வரும் என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் ஒரே குரல். அதற்கடுத்து, முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில் ஸ்டியரிங்கை லேசாக வலது பக்கம் ஒடித்தேன். சத்தம் ஏறியது. இடது பக்கம் ஒடித்தேன். சட்டென்று நின்றது. மறுபடி வலது, மறுபடி இடது. சுவிட்ச் போட்டு அணைத்த மாதிரி. அம்மா நோட்டில் "வலது - கூட, இடது - இல்லை" என்று எழுதினார். வண்டியை வலப்பக்கம் திருப்பினால் பாரம் இடப்பக்கச் சக்கரத்தில் விழுகிறது. பாரம் ஏறும்போது கத்துகிறது என்றால் கோளாறு இடப்பக்கம். எல்லா வண்டியிலும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது என்று பின்னால் சொன்னார்கள், எனக்குத் தெரிந்தது.

திரும்பி வரும்போதுதான் அம்மா சொன்ன லாரி விஷயம். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் கடல் ஓரமாக வரிசையில் நிற்கும், அந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு அது தினப்படி காட்சி. அம்மா பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு 50-ல் அந்த வரிசையை ஒட்டிப் போனேன். கண்டெய்னரைக் கடக்கும்போது ஊம்ம்ம் என்று சத்தம் தகரத்தில் அடித்துத் திரும்பி வந்தது. இரண்டு லாரிக்கு நடுவில் இருந்த இடைவெளியில் காணாமல் போனது. மறுபடி கண்டெய்னர், மறுபடி ஊம்ம்ம். வரிசை முடிந்து கடலும் கருங்கல்லும் மட்டும் இருந்த இடத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. என் பக்கக் கண்ணாடியை இறக்கி நடுச்சுவர் ஓரமாகப் போய்ப் பார்த்தபோது சத்தம் அவ்வளவாக இல்லை. நீளமான காம்பவுண்டு சுவர் இருக்கிற எந்தத் தெருவிலும் இதைச் செய்யலாம். நாங்கள் இருப்பது வடசென்னை, எங்களுக்குச் சுவருக்குப் பதில் கண்டெய்னர்.

ஒரு மணி நேரம், அரை லிட்டர் பெட்ரோல். நோட்டில் 6 வரி. 2 மாதமாக நான் நோயின் பேரைச் சொல்லிக்கொண்டு அலைந்தேன், நோயின் குணத்தைச் சொல்லவே இல்லை. எப்போது வருகிறது என்று மட்டும் பார்த்தேன். எப்போது நிற்கிறது என்பதில்தான் விடை இருந்தது.

அந்த நோட்டோடு கொருக்குப்பேட்டையில் ஒரு பாயிடம் போனேன். ரோட்டோரப் பட்டறை, கூரை தகரம், பின்னால் ரயில் பாதை. ஆபீஸ் நண்பர் சொல்லி அனுப்பினார். நான் பேரிங் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, நோட்டை மட்டும் படித்தேன். கேட்டுக்கொண்டே பீடியை அணைத்தார். "தம்பி, வண்டி தண்ணில நின்னுச்சா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் 2 நாள் சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் வடிந்த பிறகு தரைவிரிப்பைக் காயவைத்தேன், இன்ஜின் ஆயில் மாற்றினேன், பிரேக்கைச் சுத்தம் செய்தேன், வண்டி ஒழுங்காக ஓடியது, மறந்தே போனேன். அதற்கு முன்னால் பார்த்த 3 பேரும் கேட்காத கேள்வி. நானாகவும் சொல்லவில்லை. டாக்டரிடம் போகும்போது சர்க்கரை இருக்கிறது என்று முதலிலேயே சொல்கிறோம் இல்லையா, அதுபோல வண்டி தண்ணீரில் நின்றதையும் சொல்லிவிட வேண்டும்.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டு வைத்தார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், ஆட்டமே இல்லை. பெரிய ஒர்க்ஷாப்பில் இதை மட்டும் பார்த்துவிட்டுத்தான் சக்கரம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள் போல. பாய் என் கையை இழுத்து, சக்கரத்துக்கு உள்ளே சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஸ்பிரிங் வழியாக ஒரு குறுகுறுப்பு, பல்லுக்கு நடுவில் மணல் மாட்டின மாதிரி, உள்ளங்கையில் ஏறியது. "இப்ப அந்தாண்ட வா." வலப்பக்க ஸ்பிரிங்கில் கை வைத்தேன், சுற்றினார். ஒன்றுமே இல்லை, சும்மா இரும்பு. "தெரிஞ்சிதா?" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுதினால் மிகையாகத் தெரியும். ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான்.

கெட்டிருந்தது இடப்பக்கச் சக்கரத்தின் பேரிங்தான். பேரிங் 1,900, அச்சு முனையில் போடுகிற நட்டு 150, கழற்றி மாட்டவும் லேத் பட்டறையில் பிரஸ் வைத்து ஏற்றவும் 1,400. சாயங்காலம் 3,450 கொடுத்து எடுத்து ஓட்டினால், சத்தம் போயிருந்தது, ஆனால் டாஷ்போர்டில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு) விளக்கு எரிந்தது. என் வண்டி மாதிரி சில வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கச் சீல் காந்தப் பட்டையாக இருக்கும், சக்கர வேகத்தை சென்சார் அதை வைத்துத்தான் அறிகிறது. லேத் பட்டறைப் பையன் அதைத் திருப்பி ஏற்றியிருந்தான். பார்வைக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். பிரஸ்ஸில் ஏற்றின பேரிங்கைக் கழற்றினால் பெரும்பாலும் திரும்பப் பயன்படாது, ஆக இன்னொரு 1,900. பாய் கூலி வாங்கவில்லை, பட்டறைப் பையனை அவர் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இருந்தால் ஏற்றுவதற்கு முன்பே "எந்தப் பக்கம் சென்சார் பக்கம்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கழற்றின நட்டையே திரும்பப் போடவும் விடாதீர்கள், 150 ரூபாய்க்குப் பார்த்தால் வினை.

பழைய பேரிங்கை உடைத்துக் காட்டினார். கிரீஸ் டிகாக்ஷன் நிறத்தில் தண்ணீராக ஓடியது. குண்டுகள் உருளுகிற பள்ளத்தில் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாகப் பொரிந்திருந்தது. சீல் வழியாகக் கசிந்த வெள்ளம் 5 மாதம் உள்ளே இருந்து அரித்துவிட்டு, மே மாதத்தில் சத்தம் போட்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆட்டம் வந்திருக்கும், சூடேறி இறுகியும் போகலாம், சக்கரமே கைவிட்டுப் போன கதைகளும் உண்டு என்றார். அந்த வண்டியில்தான் நான் அம்மாவை வைத்து வாரம் 2 தடவை லாரிகளுக்கு நடுவில் ஓட்டியிருக்கிறேன். பணம் போனதைவிட இதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. காரணம் தெரியாத சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால், கண்டுபிடிக்கிற வரைக்கும் வேகமாக ஓட்டாதீர்கள், தொலைவுக்கும் போகாதீர்கள்.

பாயிடம் அன்று 3 மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் இன்னும் சிலது காதில் விழுந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து யூ டர்ன் எடுக்கும்போது டக் டக் டக் என்றால் சக்கரத்தைச் சுற்றுகிற ஆக்சில் தண்டின் வெளி ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும், அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தி, ஏசி போட்டால் கூடுகிறது என்றால் பெல்ட். பிரேக் மிதிக்கும்போது மட்டும் கிரீச் என்றால் பேடு தேய்ந்திருக்கலாம், தள்ளிப்போடக் கூடாது. திடீரென்று ஒருநாள் தகரத்தைச் சுரண்டுகிற சத்தம் வந்தால் உடனே பயப்பட வேண்டாம், பிரேக் டிஸ்க்குக்கும் பின்னால் இருக்கிற தகரத்துக்கும் நடுவில் ஜல்லி மாட்டியிருக்கலாம். மணலி பக்கம் ஜல்லி லாரி பின்னால் போகிறவர்களுக்கு இது அடிக்கடி வருமாம். மெதுவாக ரிவர்ஸ் எடுத்தாலே சில சமயம் விழுந்துவிடும். என் மச்சானுக்கு இதே சத்தத்துக்கு டிஸ்க் மாற்றிவிட்டார்கள், அது தனிக் கதை.

அந்த வெள்ளத்தில் வலப்பக்கச் சக்கரமும்தான் நின்றது. அதையும் மாற்றிவிடலாமா என்று கேட்டேன். "கத்தாததை எதுக்குத் தம்பி கழட்டணும்? கத்துனா எடுத்துனு வா" என்றார் பாய். 3,500 ரூபாய் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவும் நானும் எண்ணூர் பக்கம் போய்த் திரும்புகிறோம். இப்போது அம்மா பின்சீட்டில், வலது ஓரத்தில் உட்காருகிறார். நோட்டையும் எடுத்துக்கொள்கிறார்.